ஆட்டுத்தொடையில் இறங்கிய ஆவி

சனிக்கிழமை வந்தால் கானா நாட்டுக் குமாசியில் எங்கள் சுவாமே பேட்டையின் வண்டிப் பட்டறைகளில் ஸ்பானர் சத்தம் அடங்கிவிடும். முதுகுவலிக்காரன், மூட்டுவலிக்காரன் எல்லாரும் தீர்க்கதரிசி போவாடியின் கூடாரத்தில் கிடப்போம். அவர் 'அபிஷேகப் பசை' தடவி, வயர் தொங்கும் ரப்பர் வில்லை ஒட்டி, ஜெபிப்பார். சதை தானாகத் துள்ளும். ஆவி இறங்கிவிட்டது என்று கூட்டம் கூத்தாடும். ஜெனரேட்டர் ஓடாத வாரம் ஆவிக்கு விடுமுறை என்பது மட்டும் எவன் மண்டையிலும் ஏறவில்லை. வில்லை ஒட்டிய முழங்காலில் வெந்து கொப்புளம் வந்த வெல்டர் ஒருவன், அந்தக் கொப்புளத்தை ஆவியின் அக்கினி என்று ஊரெல்லாம் காட்டித் திரிந்தான்.

அன்று என் நண்பன், கியர்பாக்ஸ் மெக்கானிக் டாச்சி, சட்டையைக் கழற்றினான். போன வருஷம்தான் அவன் நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். தோள்வலி என்று வந்தவனுக்கு, போவாடி அந்தத் தழும்புக்குப் பக்கத்திலேயே வில்லையைக் கொண்டுபோனார்.

டாச்சியின் தங்கை டுஃபியே குறுக்கே பாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்பவள்.

"கைய எடுங்க பாஸ்டர். இதே கரண்டு மெஷின் எங்ககிட்டயும் இருக்கு. பேஸ்மேக்கர் இருக்கான்னு கேக்காம யாருக்கும் ஒட்ட மாட்டோம். எங்கண்ணன் நெஞ்சு நின்னுபோனா நீங்களா பதில் சொல்வீங்க?"

"மெஷின் இல்லம்மா, ஆவியானவர். விசுவாசிக்கிறவன் உடம்புலதான் அசைவார்."

டுஃபியே அவர் கையிலிருந்த வில்லைகளைப் பிடுங்கினாள். யாரோ நன்றிப் படையலாகக் கொண்டுவந்த ஆட்டைப் பக்கத்தில் அப்போதுதான் அறுத்திருந்தார்கள். தோலுரித்த தொடையில் அவற்றை ஒட்டினாள். வயர் போய்ச் சேர்ந்த பீடத்து வெல்வெட் துணிக்கு அடியில் கைவிட்டுக் குமிழைத் திருகினாள். செத்த ஆட்டின் கால் வெடுக்கென்று உதைத்தது. மறுபடியும் உதைத்தது.

"ஆடு எப்ப ஞானஸ்நானம் எடுத்துச்சு பாஸ்டர்?" என்றாள்.

முதலில் சிரித்தவன் வெல்டர். பிறகு தன் முழங்காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். துணியை உருவினோம். உள்ளே, காயலான் கடையில் வாங்கிய, தசையைத் துடிக்கவைக்கும் மின்சிகிச்சைப் பெட்டி. எச்சரிக்கைச் சீட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். டாச்சி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் கூட்டிவந்தவன் நான்தான்.

நான் இருபது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவன். பேட்டரியில் ப்ளஸ் எது, மைனஸ் எது என்று பாராமல் ஒரு கம்பியைக்கூட மாட்டியதில்லை. நண்பனின் நெஞ்சில் கம்பி மாட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். ஓட்டை லாரிக்குக் காட்டும் புத்தியை உங்கள் உடம்புக்கும் கொஞ்சம் காட்டுங்களய்யா!