வாதாமர வளைவில் நின்ற ரயில்

சென்னையில் அலுத்துக்கொள்வதற்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு ‘ஓட்டிக்காட்டு’வுக்குத்தான். அந்தப் பரிசை வாங்க வரவும் அலுத்துக்கொள்வார்.

ராயப்பேட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை அவருடையது. மிக்ஸியோ கிரைண்டரோ, எதைக் கொண்டுபோனாலும் தொடமாட்டார். “முதல்ல ஓட்டிக்காட்டு” என்பார்.

“ஓடலைன்னுதானேய்யா கொண்டாந்தேன்!”

“ஓடாத்தப் பாத்து நான் இன்னா பண்றது?” என்று கொட்டாவி விடுவார். பெயர் வந்த கதை அதுதான்.

கேபிள் டி.வி. வந்து பிள்ளைகள் பூங்காவை மறந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில், எங்கள் ஆழ்வார்பேட்டை காலனியிடம் ஒரு ரயில் இருந்தது. அங்கே குடியிருந்த ரயில்வேக்காரர் ஒருவர், நிஜ எஞ்சினைப் பார்த்து அச்சாகச் செய்து கொடுத்துவிட்டுப் போன மாடல். இடுப்பு உயரம். பேட்டரியில் ஓடும். பின்னால் சில பெட்டிகள். சைக்கிளில் உட்காருகிற மாதிரி காலைப் போட்டு உட்கார வேண்டும். பூங்காவைச் சுற்றித் தண்டவாளம். அது நிற்கும்போதெல்லாம் தள்ளுகிற பதவிக்குக் காலனிச் செயலாளர் என்று பெயர். அந்தப் பதவியில் நான்.

நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான், வாதாமர வளைவு. சாயங்காலம் பிள்ளைகளோடு போகும், அங்கே ‘டொக்’. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் ஒழுங்காக ஓடும். ஓட்டிக்காட்டு வந்து நின்றால் இன்னும் ஒழுங்காக ஓடும்.

“நல்லாத்தானே கீது சார். இன்னாத்துக்கு என்னைய இட்டாந்தே?”

“நேத்து நின்னுதுப்பா.”

“நேத்து நின்னது நேத்தோட பூடுச்சு. இப்ப நின்னா எழுப்பு.” புல்லிலேயே படுத்துவிடுவார். அது நிற்காது. அவரும் எழமாட்டார். தள்ளித் தள்ளித் தோள் இறங்கிப்போனது எனக்குத்தான்.

காலனித் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, விறைப்பானவர். “ஞாயித்துக்கிழமை கமிட்டி வந்து பாக்கும். அதுக்கப்புறம் ஒரு தரம் நின்னாலும் காயலான் கடைதான். அந்த எடத்துல ஷட்டில் கோர்ட் போடறோம்” என்றுவிட்டார்.

இதைச் சொன்னதும் ஓட்டிக்காட்டு எழுந்து உட்கார்ந்தார். “காயலான் கடைக்கா? இதயா?” எஞ்சினின் முதுகைத் தடவினார். “இன்னா கண்ணு, இன்னாதான் உனுக்கு?”

ஞாயிறு காலை கமிட்டி வந்தது. “ஆளு ஏறினாத்தான் நிக்குது. எல்லாம் ஏறிக் குந்துங்க” என்றார் ஓட்டிக்காட்டு.

“நாங்களா?”

“பின்ன? எல்லாப் பொட்டிலயும் நானே குந்துவனா?”

தலைவர் முதல் பெட்டியில் வேட்டியை மடித்துக்கொண்டு, முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால். எல்லோரும் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்தே இருந்தார்கள். ரயில் வாதாமரத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. நிற்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஓட்டிக்காட்டுவின் முகம்தான் தொங்கிப்போனது.

“நிக்க மாட்டேங்குதே சார்!”

“நிக்கலைன்னா நல்லதுதானேய்யா!”

“இன்னிக்கி ஓடிரும். நாளிக்கி நின்னா தூக்கிப் போட்ருவாங்கோ. இப்ப நிக்கட்டும்.”

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி கோயிலிலிருந்து திரும்பி, வாதாமரத்தடியில் வந்து நின்றார். “ஏன்னா! கொழந்தையாட்டம் உக்காந்துண்டிருக்கேளே!”

விறைப்பான மனிதர் விறைப்பை மறந்தார். அந்தப் பக்கமாகச் சாய்ந்து டாட்டா காட்டினார். கமிட்டி முழுவதும் சாய்ந்து காட்டியது.

டொக்.

“நவுராதீங்கோ! அப்டியே சாஞ்சிகினு இருங்கோ!” ஓட்டிக்காட்டு பெட்டிக்கு அடியில் தலையை விட்டார்.

“கையையாவது எறக்கட்டுமாப்பா?” என்றார் தலைவர்.

“மூச்சு வுடாத நைனா!”

பேட்டரி இருந்தது முதல் பெட்டியில். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒயர் நீளம் பற்றாதது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இழுபட்டு விட்டுப்போகும்; நிமிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் அம்மாக்கள் எல்லாரும் நிற்பது அந்த மரத்தடியில்தான். அங்கே வந்ததும் பிள்ளைகள் மொத்தமாகச் சாய்ந்து கையாட்டும். காலியாக ஓட்டிப் பார்த்தபோது டாட்டா காட்ட யார் இருந்தார்கள்?

இந்த முறை ரயிலை நிறுத்தியது தாமே என்பதால், தலைவர் அப்புறம் காயலான் கடையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு ஓட்டிக்காட்டு நீளமான ஒயராக மாற்றி முடித்தார். “எங்கே, ஓட்டிக்காட்டு” என்றேன்.

“நீ போயி மரத்தாண்ட நில்லு சார். டாட்டா காட்ட ஆளு வோணாவா?”

அலுப்போடு போய் நின்றேன். அவ்வளவு பெரிய உடம்பைச் சின்னப் பெட்டியில் திணித்துக்கொண்டு வந்தார். சாய்ந்தார். கையாட்டினார். நானும் ஆட்டினேன். ரயில் நிற்காமல் போனது.

வேலை முடிந்தது என்று கிளம்பப் போனால், மறுபடி வந்துகொண்டிருந்தார். வளைவுக்கு முன்பே சாய்ந்து, பல்லெல்லாம் தெரிய, கையைத் தூக்கியபடி.

அந்தச் சுற்று சோதனைக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். தோள் வலித்தது, ஆனாலும் அவர் கண்ணைவிட்டு மறையும்வரை நான் கையை இறக்கவில்லை.