டேலைட் பல்பு

“தம்பி, இத அரக்குன்னுதானே சொன்ன? எனக்குக் கத்தரிக்கா கலராத் தெரியுதே.”

சுகுமாறனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? நேற்றுவரை அந்தச் சேலை சத்தியமாக அரக்காகத்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தச் சின்னப் பட்டுக்கடைக்கு அவன்தான் மேனேஜர். முதலாளி குமுதா மேடம் மகளையும் கூட்டிக்கொண்டு தீபாவளிச் சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். விமானம் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கட்டளை போட்டார். “நான் வர்றதுக்குள்ள அந்த ஹாலஜென் எல்லாத்தையும் கழட்டிட்டு எல்இடி போட்ரு. கடையில சேலை காட்டுறோமா, இட்லி அவிக்கிறோமான்னே தெரியல.”

மேடம் சொன்னதில் தப்பில்லை. கூரையில் தண்டவாளம் மாதிரி ஓடிய சட்டத்தில் ஹாலஜென் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் கீழே சேலையைப் பிரித்தால் சரிகை தகதகக்கும், பிரிப்பவனின் மண்டை வேகும்.

எல்இடி வாங்கப் போன இடத்தில்தான் சுகுமாறன் மூளையைப் பயன்படுத்தினான். ஒரு பெட்டியில் ‘டேலைட்’ என்று போட்டிருந்தது. சேலை வாங்க வந்த எந்தப் பெண்மணியாவது கடைக்குள்ளிருக்கும் விளக்கை நம்பியிருக்கிறாரா? வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். அந்தப் பகல் வெளிச்சத்தையே கடைக்குள் மாட்டிவிட்டால் வாசலுக்கு நடக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தான். மேடம் மெச்சுவார் என்றும் நினைத்தான். பாவம்.

பல்பு எரிந்ததும் சரிகை அலுமினியமாகிவிட்டது. மாம்பழ மஞ்சள் சேலைகளுக்குக் காமாலை கண்டது. கடை அப்படியே கிளினிக் போலிருந்தது, மருந்து வாடை ஒன்றுதான் குறை.

இது போதாதா அவன் வேலைக்கு உலை வைக்க? அவனுக்கு முன்னால் இருந்த மேனேஜர், இலைப்பச்சை என்று விற்ற சேலை வீட்டுக்குப் போய் ராமர் பச்சையாகிவிட்டது. அன்றைக்கே, கடை நிறைய ஆள் இருக்கும்போதே, மேடம் அவரை வெளியே அனுப்பினார். அந்த மனிதர் இன்றைக்கும் சிக்னலில் பச்சை விழுந்தால் காரை எடுக்கப் பயப்படுகிறார் என்று கேள்வி. சுகுமாறனுக்கோ மூன்று இடத்தில் நிலைக்காமல் நாலாவதாக ஒட்டிக்கொண்ட வேலை இது. இதுவும் போனால் சாலாக் செலாத்தானில் இருக்கும் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது.

“என்ன தம்பி, அரக்கா, கத்தரிக்காயா?”

கேட்டவர் இராஜம்மா. ஈப்போவிலிருந்து வருவதாக வந்ததுமே சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. கூட வந்த கணவர் வாய் பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

“லைட்டு கொஞ்சம் ஓவர் ஆன்டி. ஒரு நிமிஷம், குறைச்சிடுறேன்.”

சுவரிலிருந்த பழைய டிம்மரைத் திருகினான். வெளிச்சம் குறையவில்லை, துடிக்க ஆரம்பித்தது. எல்லா பல்பும் மினுக் மினுக்கென்று கண்ணடித்தன.

“டிஸ்கோவா தம்பி? சரி, உன் முழுப் பேரு என்ன?”

முழுப் பெயரை எதற்குக் கேட்பார்கள்? புகார் எழுதத்தான்.

“சு... சுகுமாறன் ஆன்டி.”

“அப்பா பேரு?”

“பக்கிரிசாமி.” அப்பாவையும் புகாரில் இழுக்கிறாரே என்று அவனுக்கு அழுகை வந்தது.

ஏணியைப் போட்டு ஏறி, பாதி பல்புகளைக் கழற்றினான். பாதி துடிப்பாவது குறையட்டும் என்பது அவன் எண்ணம். மிச்சப் பாதி இரண்டு மடங்காகத் துடித்தன. ஏணியில் நின்றபடியே எலெக்ட்ரீஷியன் பாலனுக்கு ஃபோன் போட்டான்.

“அண்ணே, லைட்டு வலிப்பு வந்த மாதிரி ஆடுது.”

“டிம்மர்ல போடக்கூடாத பல்ப போட்டுட்ட. அதுல பாதிய வேற கழட்டிட்டியா? லோடு பத்தாதுடா, இன்னும் ஆடத்தான் செய்யும்.”

“கஸ்டமர் நிக்கிறாங்கண்ணே! நீங்க எங்க இருக்கீங்க?”

“கிள்ளான்ல, ஜாம்ல மாட்டிக்கிட்டேன். பழைய ஹாலஜென் ரெண்ட மட்டும் திரும்ப மாட்டு. நான் வர்ற வரைக்கும் தாங்கும்.”

மாட்டினான். ஆட்டம் நின்றது. அப்பாடா என்று கீழே இறங்கினால், மேசையில் கிடந்த சேலையின் ஒரு பாதி அரக்கு, மறுபாதி கத்தரிக்காய்.

“ஒரே சேலையில ரெண்டு கலரு” என்றார் இராஜம்மா. “வெட்டி விக்கிறீங்களா? உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா தம்பி? டெஸ்ட் பண்ணியிருக்கியா?”

“நல்லாத் தெரியும் ஆன்டி.”

“தண்ணி கிண்ணி போடுவியா?”

“ஐயோ, சத்தியமா இல்ல ஆன்டி!”

குடித்துவிட்டு வேலை பார்க்கிறான் என்று வேறு எழுதப் போகிறார்! மறுபடி ஏணியில் ஏறினான். ஹாலஜென்னை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் சேலை ஒரே நிறமாகிவிடும் என்று கையை வைத்தான். அது எரிந்துகொண்டிருக்கும் ஹாலஜென் என்பது விரலில் பட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. “ஆ!” என்று கையை உதறியதில் முழங்கை சட்டத்தில் இடித்தது. எங்கோ ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. விளக்குகள், ஏர்கான், சாமி படத்துக்குக் கீழே எரிந்த சிவப்பு பல்பு, எல்லாம் ஒன்றாக அணைந்தன.

இருட்டுக்குள்ளிருந்து இராஜம்மாவின் குரல் வந்தது. “வாசலுக்கு எடுத்துட்டு வா. வெளிச்சத்துலயே பார்த்துக்கலாம்.”

வாசலில் வெயில் பளீரென்று அடித்தது. சுகுமாறன் சேலையை நீட்டினான்.

“அப்படி இல்ல, உன் தோள் மேல போட்டுக் காட்டு. கொஞ்சம் திரும்பு. ஏன் கூனுற? நிமிந்து நில்லு, சேலை மடங்குதுல்ல? இந்தப் பக்கம் பாரு.”

ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார். ஒன்றல்ல, வரிசையாகப் பிடித்தார். ஆதாரம் சேர்க்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அரக்குச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய, கண் கலங்க நின்ற அவனைத் தெருவில் போன ஒருவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

“ஆன்டி, தப்பு என் மேலதான். பல்பு வாங்குனது நான். மேடத்துக்கு எதுவும் தெரியாது. ப்ளீஸ்லா, கம்ப்ளெய்ன் மட்டும் பண்ணிடாதீங்க.”

இராஜம்மா ஃபோனைக் காதில் வைத்தார்.

“குமுதா, நான்தான்... ஆமா, கடையிலதான்... எல்லாத்தையும் பார்த்தாச்சு, படமும் எடுத்தாச்சு... நீ வந்ததும் நேர்ல பேசுவோம்.”

மேடத்தின் நம்பரே இவரிடம் இருக்கிறது! ஒரு சேலைகூட வாங்காமல் இராஜம்மா காரைப் பார்த்து நடந்தார். அவருடைய கணவர் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தபடி நின்றார்.

துரத்தப்படுவதைவிடத் தானாகப் போவது மரியாதை என்று அந்த நொடியில் முடிவெடுத்தான் சுகுமாறன். தோளிலிருந்த சேலையை மடித்தான்.

“அங்கிள், மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல. அவங்க முன்னாடி நிக்க எனக்கு தைரியம் இல்ல. அவங்க குரல் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வருது அங்கிள். தூரமா எங்கயாவது போயி பொழச்சுக்கிறேன்.”

பெரியவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“எங்க போவ? குமுதா என் தங்கச்சிலா, அவ மகளுக்கு மாப்பிள்ளையா உன்ன வெளிச்சத்துல வச்சுப் பார்க்கச் சொல்லித்தான் எங்கள அனுப்புனா, எங்களுக்குப் புடிச்சிருக்கு. இனிமே அவ உனக்கு மேடம் இல்ல தம்பி, மாமியார்.”