கிளாக்கர் வீட்டு கேஸ் பிரஷர்

"இந்த மார்கழி பூரா, ஒரு நாள் தவறாம, விடியுமுன்ன தலைக்கு ஊத்திட்டு வந்து பஜனைக்கு முன்னால நின்னு சங்கு ஊதுவேன்" என்று ஜெயகுமார் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சபதம் செய்தபோது ஆண்கள் பக்கம் கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜீவராணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் ஜெயகுமார் கிளாக்கர். தோட்டமே அவரைக் கிளாக்கரையா என்றுதான் கூப்பிடும். அந்த மரியாதையில் இருந்த ஒரே ஓட்டை மார்கழி மாதம். போன வருஷம் பஜனைக் கூட்டம் வாசலில் வந்து நின்று பாடியபோது, கிளாக்கரையா கம்பளிக்குள் இருந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டிக் கும்பிட்டார் என்று ஒரு கதை உலவியது. பரப்பிவிட்டவர் பக்கத்து வீட்டு வீரய்யா. கதை பொய்யாக இருந்தால் ஜெயகுமார் மறுத்திருப்பார்.

அந்தச் சங்குக்கு ஒரு சட்டம் உண்டு. தலைக்குக் குளிக்காதவன் கை அதில் படக் கூடாது. ஒரு நாள் தவறினாலும் சங்கு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் வீரய்யா. அவர் வருஷம் பூரா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறவர். ஜெயகுமாரோ சுடுதண்ணீர் இல்லாவிட்டால் முகம் கழுவுவதையே மத்தியானத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு ஏறி வரும்போது ஜீவராணி கேட்டாள்.

"சுடுதண்ணி யாருங்க வைக்கிறது?"

"நீ வைக்க வேணாம். ஒனக்குக் கஷ்டம் குடுப்பேனா?"

"பஜனைக்காரங்க எல்லாருக்கும் தெனம் நம்ம வீட்டுல இஞ்சி பிளேன்டின்னும் சொல்லிட்டு வந்திருக்கீங்க. அது யாரு ஊத்துறது?"

"அது என்ன, ஒரு கேத்தல் தேத்தண்ணிதானே."

"அத்தன பேருக்கும் ஒரு கேத்தலு. சரிங்க."

ஜீவராணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் பூரா கட்டி மேய்க்க வேண்டும். அடம் பிடிக்கிற பிள்ளையிடம் அவள் ஒரு நாளும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'சரி' என்பாள். கேட்டதைக் கேட்டதற்கு மேலாகவே கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையே வேண்டாம் என்று கொண்டுவந்து நீட்டும். அந்தச் 'சரி' தன்மேல் விழுந்தபோது ஜெயகுமார் கொஞ்சமாவது பயந்திருக்க வேண்டும். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே மேடேறினார்.

அந்த வாரமே பதுளை பஸாரில் தாஸிம் நானா கடையில் ஒரு கேஸ் கீசர் வாங்கிக் குளியலறையின் வெளிச்சுவரில் மாட்டியாயிற்று. சமையலறைக்குப் பின்னால், கூரைச் சார்ப்புக்குக் கீழே நின்ற ஒரே சிலிண்டரில் இருந்து அடுப்புக்கு ஒரு குழாய், கீசருக்கு ஒரு குழாய். இரண்டிலும் ஒவ்வொரு திருகு. மத்தியான வெயிலில் போட்டுப் பார்த்தபோது ஆவி பறந்தது. ஜெயகுமார் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கையை நனைக்க வைத்தார். வீரய்யாவின் கையைத் தானே பிடித்து நனைத்தார்.

மார்கழி முதல் நாள். இருட்டு பிரியவில்லை. மலை பூரா பனி. ஜெயகுமாரின் தலையில் சோப்பு நுரை, வாயில் பக்திப் பாட்டு. அந்த நேரம் பார்த்து ஜீவராணி பிளேன்டிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். கீசர் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. நமுனுகுல மலையில் இருந்த குளிர் அத்தனையும் குழாய் வழியாக அவர் உச்சந்தலையில் இறங்கியது.

"ராணி, அடுப்ப நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா பிளேன்டி?"

"பிளேன்டி பெறகு ஊத்தலாம்."

"பஜனை வாசலுக்கு வந்திருச்சேங்க."

அன்றைக்கு அவர் ஊதிய சங்கு, குளிரில் நடுங்கிய உதடுகளால், துண்டு துண்டாக வந்தது. ஏதோ புது முறை போலிருக்கிறது என்று வீரய்யா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

விடிந்ததும் ஜெயகுமார் தாஸிம் நானாவுக்குப் போன் போட்டார்.

"குளிருக்கு கேஸும் சோம்பிப் போகும் தம்பி" என்றார் நானா. "பிரஷர் ஏறாது. அதுல நீங்க ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வாய் வெச்சிருக்கீங்க. கீசருக்குத் தனியா ஒரு சிலிண்டர் வெச்சாச் சரி."

இன்னொரு சிலிண்டரா? கீசருக்குக் காசு கொடுத்ததிலேயே கை காய்ந்து போயிருந்தது. குளிர்தானே பிரச்சினை என்று தன் கம்பளியை எடுத்துவந்து சிலிண்டருக்குச் சுற்றிக் கட்டினார். ஜீவராணி வந்து பார்த்தாள்.

"காதுல பனி ஏறாம ஒரு தொப்பியும் போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாம் நாளும் நமுனுகுல இறங்கியது. அன்று சாயந்தரம்தான் ஜெயகுமாருக்கு மூளை வேலை செய்தது. இரண்டு வாயில் ஒன்றைப் பொத்திவிட்டால்? யாரும் பார்க்காதபோது பின்பக்கம் போய், அடுப்புக்குப் போகும் திருகை முக்கால்வாசி மூடினார். மூடியது தெரியாமல் கம்பளியை மேலே இழுத்துவிட்டார். மூன்றாம் நாள் குளியலறையில் ஆவி பறந்தது. பாட்டு முழுசாக முடிந்தது. சமையலறையில் அடுப்பு அகல்விளக்கு மாதிரி எரிந்தது.

"என்னங்க, அடுப்பு எரிய மாட்டேங்குதே."

"பிரஷர் கொறவு ராணி. ஊவா மாகாணம் பூரா இதே பிரச்சினதான்."

"குளிக்கிற எடத்துல மட்டும் நல்லா எரியுது?"

"அது புது மிஷின். புதுசு அப்பிடித்தான் இழுக்கும்."

"அப்ப பிளேன்டி?"

"அங்கம்மா சின்னம்மாகிட்ட சொல்லு. வெறகடுப்பு வச்சிருக்காங்க. கோயில் காரியந்தானே, செய்வாங்க."

ஜீவராணி அடுப்பை அணைத்தாள்.

"சரிங்க" என்றாள்.

அதன் பிறகு சில நாள் ஜெயகுமாருக்கு ராஜ வாழ்வு. பெண்கள் பஜனைக்குத் தலைவியான அங்கம்மா தன் விறகடுப்பில் அண்டா ஏற்றி எல்லாருக்கும் பிளேன்டி ஊற்றினாள். சங்கு கணீரென்று அடுத்த டிவிசன் வரை கேட்டது. வீரய்யா வாயைத் திறக்கவில்லை. பெண்சாதியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை வருஷம் வீணாகிவிட்டதே என்று ஜெயகுமார் உண்மையாகவே வருந்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் துவாயோடு போனால், குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பெண்குரலில் பாட்டு. வெளியே சோப்புப் பெட்டியும் மாற்றுச் சேலையுமாகப் பெண்கள் வரிசை. முன்னால் அங்கம்மா.

"நல்லா இருப்பீங்க கிளாக்கரையா" என்றாள் அவள். "இந்த மனசு யாருக்கு வரும்?"

எந்த மனசு என்று அவருக்கு விளங்கவில்லை. ஜீவராணி வந்து விளக்கினாள்.

"சின்னம்மா அடுப்புல பிளேன்டி அண்டா ஏறிருதா, அவங்களுக்குச் சுடுதண்ணி வைக்க எடமில்ல. நம்ம வீட்டுலதான் பிரஷர் பூரா குளிக்கிற பக்கமே இழுக்குதே. அதான் பஜனைப் பொம்பளைங்க எல்லாரும் இங்க வந்து குளிங்கன்னு ஐயா சொன்னாருன்னு சொல்லிட்டேன். பொங்கல் வரைக்கும்."

"நான் எப்ப குளிக்கிறது?"

"அவங்க முடிச்சதும்."

"அதுக்குள்ள பஜனை கெளம்பிருமே."

"கெளம்பிரும். வீரய்யா அண்ணன் அப்பவே குளிச்சிட்டு வந்து சங்கப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

ஜெயகுமார் வாளியைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக்கு ஓடினார். மலை ஊற்றுத் தண்ணீர் ராத்திரி பூரா பனியில் ஊறி அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. முதல் வாளியில் பெற்றோரை நினைத்தார். இரண்டாவது வாளியில் யாரையும் நினைக்க முடியவில்லை. சபதம் தவறவில்லை, சங்கும் கைமாறவில்லை. ஆனால் ஊதும்போது வந்த சத்தத்துக்கு லயத்து நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

பஜனை முடிந்து பல் கிட்டியபடி வீட்டுக்கு வந்தவர், பல வருஷங்களில் முதல் தடவையாகச் சமையலறைக்குள் போனார். அடுப்பு நீலமாக, சீறி எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பிடி எரியுது?"

"திருக தொறந்தா எரியுதுங்க."

ஜெயகுமார் பலகையில் உட்கார்ந்தார்.

"எப்ப தெரியும்?"

"நீங்க மூடுன அன்னைக்கே. தெனம் நீங்க ஆபிசுக்குப் போனதும் தொறப்பேன். படுக்கப் போகமுன்ன திருப்பி மூடிருவேன். இல்லாட்டி ஒங்க சோறு எதுல வெந்திச்சின்னு நெனச்சீங்க?"

சோறு எதில் வேகிறது என்று அவர் நினைத்ததே இல்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ராணி."

"அவ்வளவு கஷ்டப்பட்டு மூடி, கம்பளியெல்லாம் போத்தி வச்சிருந்தீங்க. கெடுக்க மனசு வரல."

இஞ்சி பிளேன்டியை அவர் கையில் கொடுத்தாள். இரண்டு மடக்கு இறங்கியதும் ஜெயகுமாருக்குப் பேச்சு வந்தது.

"இன்னைக்கே பதுளைக்குப் போயி ரெண்டாவது சிலிண்டர் கொண்டாறேன். அங்கம்மா சின்னம்மா அடுப்ப விட்டுருவோம். அவங்கவங்க, அவங்கவங்க வீட்டுல குளிக்கட்டும். பிளேன்டி நம்ம வீட்டுலயே."

"யாரு ஊத்துறது?"

"நான்தான்."

"சரிங்க" என்றாள் ஜீவராணி.

மறுநாள் விடியுமுன் இரண்டு சிலிண்டரும் தனித்தனியாக வேலை செய்தன. ஜெயகுமார் இஞ்சி தட்டிப்போட்டு, அண்டாவை இறக்கி, கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கிவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக ஆவி வந்தது.

"யாரு உள்ளுக்கு?"

"நான்தாங்க" என்றாள் ஜீவராணி. "இப்பத்தான் பிரஷர் சரியா இருக்கு. பஜனை வருதுபோல, நீங்க பீலிக்குப் போயிட்டு வந்துருங்க."