நடந்து போன வரலாறு

முத்து விளைந்த கடலின் முழக்கமே முரசாக, துறைமுகக் கிரேன்களின் வரிசையே வழியனுப்பும் படையாக, தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவில் களப்பயணமாகக் கால் பதித்த கல்லூரி மாணவன் இன்பமணி வாழ்க. அவன் தோள்பை வாழ்க. அப்பையின் தையலைப் பிரித்த தடித்த ரஷ்ய நாவலின் தமிழாக்கமும் வாழ்க.

பேராசிரியர் பாண்டியராஜன் நைலான் கயிறு கட்டித் தீவை மூன்று நாடுகளாக வகுத்தார்: உயிரினம், புவியியல், வரலாறு. அவரவர் கயிற்றுக்குள் கிடைப்பது அவரவர்க்கே, உயிருள்ளதைத் தொடலாகாது, வெறுங்கையோடு திரும்பும் குழு எல்லோருடைய தண்ணீர்க் கேன்களையும் சுமக்க வேண்டும் என்பது அவர் ஆணை. வரலாற்றை விரும்பிக் கேட்டவன் ஒருவனே ஆதலால், அந்நாட்டின் மன்னனும் சேனையும் இன்பமணியே.

மணலும் பாசியுமே விளைந்த தன் நாட்டில் நெடுநேரம் அலைந்த வீரன், உச்சிவெயிலில் பழுப்பேறிய சங்கொன்றைக் கண்டான். மூச்சடக்கி ஆழ்கடல் பாய்ந்த குளிகாரர்களும் அவர்களுக்காகக் காத்துநின்ற அயல்நாட்டு மரக்கலங்களும் அகக்கண்ணில் அணிவகுக்க, உள்ளே எட்டிப் பார்க்கும் சிறுமையைத் துறந்து, அதன் முதுகில் 'வரலாறு – 1' என்று சீட்டு ஒட்டினான்.

சங்கு எழுந்து நடந்தது.

கயிற்றுக்கு அப்பால் நின்ற உயிரினக் குழுத் தலைவி ஷீஜா சொன்னாள்: "ஏலே இன்பமணி, ஒங்க வரலாறு கெளம்பி எங்க பக்கம் வருதுலே."

உள்ளே இருந்தது துறவி நண்டு. யாரோ விட்டுப்போன சங்கில் குடிபுகுந்து வாழும் தவசீலன்.

"ஏளா, அது எங்க சங்கு. நண்டு சும்மா வாடகைக்கு இருக்கு."

"அப்ப காலி பண்ணச் சொல்லு. நீ தொட்டன்னா சார்ட்ட சொல்லிருவேன்."

தொடலாகாப் பகையைத் தடுக்க, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை நெஞ்சில் நிறுத்தி மணல்மதில் எழுப்பினான். நண்டு ஏறி இறங்கியது. செருப்பிரண்டையும் வாயிற்காவலாக நிறுத்தினான். இடையே புகுந்து போயிற்று. இறுதியில், பிரம்மாஸ்திரம் எடுப்பவனைப் போல நாவலை உருவிக் கயிற்றோரம் விரித்தான். நண்டு நின்றது; காற்று நின்றது; ஷீஜாவின் சிரிப்பும் நின்றது. பின்பு அந்தத் தவசீலன், இன்பமணியால் பல மாதமாய்த் தாண்ட முடியாத நாற்பதாம் பக்கத்தை நான்கே எட்டில் தாண்டி, முதுகில் வெற்றிக்கொடியெனச் சீட்டுப் படபடக்க, கயிற்றுக்கு அப்பால் இறங்கினான். ஷீஜா படமெடுத்தாள்.

"வரலாறு, ஒனக்கு என்னப்பா கெடச்சுது?" என்றார் பேராசிரியர்.

"ஒண்ணு இருந்துச்சு சார். நடந்து போயிட்டு."

இன்பமணி தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினான்.