கார்டுக்குப் பொட்டு வைத்த கதை

‘இலவசம்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சோப்பு வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கடைக்காரர் சொன்னால்கூட, “ஏன், அதுல என்ன கோளாறு?” என்று சண்டைக்குப் போகிறவள் நான். (சங்கரன்கோவில் கடைவீதியில் விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள்.) இந்தக் குணம் பிறவியிலேயே வந்தது என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இல்லவே இல்லை. ‘ஆசிரியர்களுக்கான இலவச இணையக் கருவிகள்’ என்று ஒரு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்களே, அன்றைக்குப் பிடித்தது.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பயிற்சி கொடுக்க வந்த தம்பிக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. எதைக் காட்டினாலும் கடைசியில் “ரொம்ப சிம்பிள் மேடம்” என்பார். அந்த மண்டபத்தில் நெட் வரவில்லை. எல்லோரும் அவரவர் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னார். போன் என்னுடையது, நெட் என்னுடையது, பிரிண்ட் எடுக்க வேண்டியதும் நான், கண் எரிச்சலும் எனக்கு. “அப்போ இதுல எதுய்யா இலவசம்?” என்று எழுந்து கேட்டேன். “ஆப் மேடம்” என்றார். அடுத்த டீச்சர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இவ்வளவு எரிச்சலிலும் ஒரே ஒரு கருவி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம். ஆளுக்கு ஒரு கார்டு. அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு படம் இருக்கும், ஒவ்வொருத்திக்கும் வேறு படம். நாலு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடியாக எழுதியிருக்கும். கேள்வி கேட்டதும், தனக்குச் சரியென்று படுகிற எழுத்து மேலே வருகிற மாதிரி கார்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். டீச்சர் முன்னால் நின்று போன் கேமராவை ஒரு சுற்றுக் காட்டினால் போதும், யார் சரி, யார் தப்பு என்று பெயரோடு வந்துவிடும். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுத முடியாது. தெரியாதவள் எழுந்து நின்று அவமானப்படவும் வேண்டாம்.

எனக்கு வேண்டியது அதுதான். என் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால், “புரிஞ்சுது டீச்சர்” என்று கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரே குரலில் பதில் வரும். பேப்பரைத் திருத்தும்போதுதான் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குப் புரியும். அந்தக் காலாண்டுத் தேர்வில் பாதி வகுப்பு மண்ணைக் கவ்வியது. கல்வித்துறை அதிகாரி வந்து பார்க்கப் போகிறார், அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ‘பி’ பிரிவை என்னிடமிருந்து எடுத்து இன்னொரு டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அந்த டீச்சரிடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ என்று தனி அறையில் உட்கார வைத்து, நாலைந்து கணக்கை மட்டும் உருப்போட வைப்பார். கணக்கை உருப்போடுவதாம்! அதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஆக, வைராக்கியமாகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். முதலில் பாஸ்வேர்டு. என் வீட்டுக்காரர் பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்துப் போட்டேன். ‘வலுவற்றது’ என்று சிவப்பில் வந்தது. இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிற கல்யாணத்தை எங்கிருந்தோ ஒரு ஆப் வந்து வலுவற்றது என்கிறது! அடுத்து, எப்படிச் செய்வது என்று விளக்குகிற வீடியோக்கள். ஒருவர் இந்தியில் விளக்கினார். தமிழில் விளக்கியவர் வணக்கம் சொல்லி, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி, மணியை அழுத்தச் சொல்லி, பாட்டுப் போட்டு முடிப்பதற்குள் என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பெயர்ப் பட்டியல் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. கோமதி அம்மன் குடியிருக்கிற சங்கரன்கோவிலில் ஒரு வகுப்பில் எத்தனை கோமதி இருப்பார்கள் என்று அந்த ஆப்பைச் செய்தவனுக்கு என்ன தெரியும்? (என் பெயரும் கோமதிதான். அது வேறு குழப்பம்.)

பிறகு வீட்டில் ஒத்திகை. ஒரு கார்டை ஃபிரிட்ஜில் ஒட்டினேன், ஒன்றை கேஸ் சிலிண்டரில் சாய்த்தேன், ஒன்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் பெயர் சங்கரலிங்கம். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை. வாய்ப்பாட்டில் புலி. கேள்வி கேட்டுவிட்டுப் போனைக் காட்டினேன். ஃபிரிட்ஜ் சரி. சிலிண்டர் சரி. வீட்டுக்காரர் தப்பு.

“ஏட்டி, எனக்கு விடை தெரியும்ட்டி. வாயால சொல்லுதேன், கேளு.”

“வாயால சொல்லக் கூடாது. கார்டைத் தலைகீழா பிடிச்சிருக்கீய.”

“அப்போ சிலிண்டர் பாஸு, நான் பெயிலா?”

அந்த வாரம் முழுக்க அவர் சிலிண்டரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நல்ல தடிமனான தாளில் வகுப்புக்கே கார்டு பிரிண்ட் எடுத்தேன்.

அதற்குள் விடுமுறையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அது என் வீட்டுக்காரருடைய நாள். அரிவாள்மனை, மிக்சி, பைக், தையல் மெஷின் என்று எது அசையாமல் நின்றாலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். முந்தின வருஷம் டிவி ரிமோட்டுக்கு வைத்து, சத்தம் கூட்டுகிற பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, தெருவே எங்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டது. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். இல்லை. படிப்பு சம்பந்தப்பட்டதுதானே என்று கார்டுக் கட்டையும் கணக்குப் புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, சுண்டல் தாளிக்க அடுப்படிக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் வீட்டுக்காரர் அந்தக் கார்டுக் கட்டை மஞ்சள் பையில் போட்டு, நூல் சுற்றி, பக்குவமாக எடுத்து வைத்திருந்தார். இப்படி ஒரு மனுஷனா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பையைப் பிரிக்கவில்லை.

பள்ளி திறந்ததும் அதிகாரி வருகிறார் என்று ஒரே ஒட்டடை அடிப்பு, கோலம், தோரணம். எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் நல்லவர், ஆனால் பயந்தவர். என் வகுப்புக்குள் வந்து, “ஏ பிள்ளைகளா, சார் என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவ வலது கை. தெரியாதவ இடது கை. சரியா?” என்றார். பிள்ளைகள், “சரி டீச்சர்.” இதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வராது. அதிகாரி யாரைக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிற டீச்சர் நைசாக வலது கை தூக்கியவளைக் காட்டிவிடுவார். நான் படிக்கிற காலத்திலிருந்தே இதுதான் நடக்கிறது.

“என் வகுப்புக்கு அந்தக் களவாணித்தனம் வேண்டாம் டீச்சர்” என்றேன். “என்கிட்ட ஆப் இருக்கு.”

எப்பேர்ப்பட்ட திமிர் பாருங்கள்.

அதிகாரி வந்தார். நரைத்த மீசை, அமைதியான முகம். கடைசி பெஞ்சுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்மார்ட் போர்டில் கேள்வியைப் போட்டு, இந்தக் கருவியின் பெருமையை ஒரு சொற்பொழிவாகவே ஆற்றிவிட்டு, மஞ்சள் பையின் நூலைப் பிரித்தேன்.

சந்தன வாசனை குப்பென்று அடித்தது.

ஒரு கார்டு பாக்கியில்லை. நடுவில் ஒரு பொட்டு, நாலு மூலைக்கும் நாலு பொட்டு. சந்தனம் வட்டமாக, அதன் மேல் குங்குமம் அம்சமாக. காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. முன்பெஞ்சில் ஒருத்தி கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு குரல், “டீச்சர், பொங்கலும் உண்டா?” என்றது.

எனக்குக் காது சுட்டது. என்றாலும் விடுவேனா? “கார்டைத் தூக்குங்கட்டி!” என்று கத்திவிட்டுப் போனைக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் காட்டினேன். தீபாராதனை காட்டுகிற மாதிரியே இருந்திருக்கும், நான்கைந்து பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் போர்டில் ஒரே ஒரு பெயர் மினுங்கியது. பேச்சியம்மாள். விடை சரி.

“யாரும்மா பேச்சியம்மாள்? எழுந்திரு” என்றார் அதிகாரி சந்தோஷமாக.

“அவ இன்னைக்கு வரலை சார்” என்றது வகுப்பு. “கடையநல்லூர்ல அவங்க சித்தி வீட்டுக்குப் போயிருக்கா.”

பொட்டு அடைத்ததில் யாருடைய கார்டோ பேச்சியம்மாளின் கார்டு மாதிரி கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் எனக்கு உதவி செய்ய ஆரம்பித்தார்கள். எச்சில் தொட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தார்கள். துப்பட்டாவால் துடைத்தார்கள். சந்தனம் குழைந்து கார்டு முழுக்கப் பரவியது, யூனிபார்மெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக ஆனது.

“சரி விடுங்க டீச்சர். அபிஷேகம் நல்லபடியா முடிஞ்சுது” என்றார் அதிகாரி.

எஸ்தர் டீச்சர் சட்டென்று குறுக்கே புகுந்தார். “சார், நீங்க வாயாலயே கேளுங்க சார். எங்க பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.”

அவர் ஒரு சமன்பாட்டைச் சொல்லி, “எக்ஸ் எவ்வளவு?” என்று கேட்டார். ஒட்டுமொத்த வகுப்பும் கை தூக்கியது. பாதி வலது, பாதி இடது. எஸ்தர் டீச்சர் ஒரு வலது கையைக் காட்டினார். சரியான விடை. இன்னொரு வலது கை. அதுவும் சரி. “பிரமாதம்” என்று அதிகாரி எழுந்தார். அவ்வளவுதான், நான் தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், ‘பி’ பிரிவு என்னிடமே இருந்திருக்கும்.

ஆனால் அந்த இடது கைகள் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலோரம் இசக்கியம்மாள், தெரியாது என்பதற்கு அடையாளமாக இடது கையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பை ஒட்ட வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சந்தனத்தின் மேல், வீட்டுக்காரர் மேல், இலவசத்தின் மேல், “ரொம்ப சிம்பிள் மேடம்” மேல், எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

“உக்காருங்க சார்!” என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். (என் குரல் அப்படி.)

“இடது கை தூக்கினவங்க எல்லாம் எந்திரிங்கட்டி. சார், இவங்க யாருக்கும் விடை தெரியாது. தெரியாதவ இடது கை தூக்கணும்னு சொல்லிக் குடுத்து வச்சிருக்கோம். இந்தப் பிள்ளைகளை மறைச்சு மறைச்சு வச்சே பத்தாங்கிளாஸ் வரைக்கும் கொண்டாந்துட்டோம். இவங்களுக்காகத்தான் நான் அந்த எழவெடுத்த ஆப்பைக் கத்துக்கிட்டேன். அதுல எம் வீட்டுக்காரர் பொட்டு வச்சுட்டார். நான் என்ன செய்ய?”

எஸ்தர் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார். அதிகாரி இசக்கியம்மாளைப் பார்த்து, “உனக்கு இதுல என்னம்மா தெரியலை?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் முறைத்தேன். ஆறுதலாகப் பார்ப்பதாகத்தான் எனக்கு நினைப்பு.

“சார், நேத்து எக்ஸ் மூணுன்னு டீச்சர் சொன்னாங்க. நான் ராத்திரி அதை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். இன்னைக்கு ஏழுங்காங்க. டெய்லி மாத்திக்கிட்டே இருந்தா எதைத்தான் சார் படிக்க?”

யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ‘ஆமா’ என்று தலையாட்டினார்கள். நான் ஜூன் மாதத்திலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தது பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்த கோபத்தில் சாக்பீஸை எடுத்து, எக்ஸ் என்றால் யார் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதிகாரி இருக்கிறாரா, போய்விட்டாரா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடித்த பிறகு பார்த்தால், கடைசி பெஞ்சில் ஒரு கார்டை மடியில் வைத்து நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இந்த வகுப்பு இவங்ககிட்டயே இருக்கட்டும்” என்று எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். போனவர் சும்மா போகவில்லை. இந்தக் கருவியைச் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். குருவிகுளம் வரைக்கும் பஸ்ஸில் அலைகிறேன். அங்கே யாராவது எழுந்து “இதுல எது இலவசம்?” என்று கேட்டால், “நான்தான்” என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அன்று சாயங்காலம் மஞ்சள் பையை வீட்டு நடுக்கூடத்தில் வீசி எறிந்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தார்.

“ஒண்ணு விடாம வச்சேன்டி. முதுகு விட்டுப்போச்சு. இப்படிக் கலைச்சுட்டாளுகளே!”

இசக்கியம்மாள் பாஸ் செய்தாள். எல்லோரும் செய்யவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் இப்போது “புரிஞ்சுதா?” என்று கேட்டால் கோரஸ் கிடையாது. புரியாதவள் இடது கையைத் தூக்கிவிட்டு, சொல்லிக்கொடுக்கும் வரை கீழே போட மாட்டாள்.

வம்பு என்னவென்றால், இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “குழம்புல உப்பு சரியா?” என்று கேட்டால் என் வீட்டுக்காரர் மென்றுகொண்டே இடது கையைத் தூக்குகிறார். நாத்தனார் குடும்பத்தோடு வந்தால் வரிசையாக அத்தனை இடது கைகள். போன ஆயுத பூஜைக்கு, சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் அனுமதி கேட்டு நின்றார்.

“சிலிண்டருக்கு வைக்கலாமா?”

“வைங்க.”

“கார்டுக்கு?”

நான் பார்த்த பார்வையில் ஓரடி பின்னால் போனார். வீடே சிரித்தது. “ஏட்டி கோமதி, இந்தக் கோபம் உனக்கு என்னைக்குத்தான் குறையும்?” என்றார்.

கரண்டி வலது கையில் இருந்தது. இடது கையைத் தூக்கினேன்.