சுவருக்கு நான் போட்ட நம்பர்

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 5.52. லேசான மூட்டம். ராயபுரத்தில், ஒரு பழைய ரயில் சரக்குக் கொட்டகையின் கருங்கல் சுவர் முன்னால் வெள்ளை பெயின்ட் டப்பாவோடு நின்றேன்.

காரணம் ஊட்டி. முந்தின வாரம் மலை ரயிலில் போனேன். (பாலங்களை உரக்க எண்ணியதில் மனைவி குன்னூர்வரை பேசவில்லை.) அந்த ரயிலை உலகமே பாரம்பரியச் சின்னமாகக் காக்கிறது. எங்கள் கொட்டகையைக் காக்க யார் இருக்கிறார்கள்? வாரம் ஒரு கல் காணாமல் போவதாக எனக்குச் சந்தேகம். எனவே ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர்.

118-ஆம் கல்லில் இருந்தபோது, சுவரோரம் மீன் விற்கும் கன்னியம்மா கூடையை இறக்கினாள்.

"இன்னா நைனா, நம்பர் போட்டுகினு கீற?"

"எல்லாம் மேலிடத்துக்குப் போகுது. ஒரு கல்லுகூடத் தப்பாது."

(நான் எழுதவிருந்த மனுவைச் சொன்னேன்.) அவள் முகம் வெளுத்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

412 முடித்து, வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டு, 9.40-க்குத் திரும்பினால் சுவரெங்கும் அக்கம்பக்கத்துக் கூட்டம், கையில் கடப்பாரை. இரண்டு பேர் 14-ஆம் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எப்டியும் இடிக்கத்தான் போறான் மாமு. துணி தொவைக்கவாவது ஆவட்டும்!" என்றான் ஒருவன்.

"ஐயோ, வைங்கப்பா! நம்பர் போட்டது காப்பாத்தறதுக்கு!"

கன்னியம்மா கூடையைக் கட்டிவைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மீன்கூட விற்கவில்லை.

"காப்பாத்தவா? எங்க வூட்டுச் செவுத்துலயும் இப்டித்தான் ஒர்த்தன் நம்பர் போட்டான். மறுவாரமே வூட்ட இடிச்சி, சட்டிபானையோட எர்ணாவூர்ல கொண்டுபோயி வுட்டாங்க. பொழப்பு மட்டும்தான் இங்க கீது. இதையும் இடிச்சா நான் எங்க போவேன்?"

பெயின்ட் படிந்த பத்து விரல்களையும் நீட்டினேன். "மேலிடம்னு யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

"கம்னு வூட்ல கெடக்கக் கூடாதா பெர்சு?" என்றவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "டேய், வைங்கடா! எவனும் இடிக்கல. பெர்சு சும்மா எண்ணிகினு கீது!"

போன கற்கள் 23. நம்பர் இருந்ததால் மாலைக்குள் 22 திரும்பின. 14 மட்டும் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு வந்த காவலர், "சுவரை அசிங்கப்படுத்தியது யார்?" என்றார். அத்தனை பேரும் ஒற்றுமையாக என்னைக் காட்டினார்கள்.

இன்றும் மருமகள் இட்லித் தட்டை வைக்கும்போது, "நம்பர் போட்டுட்டுத் தரட்டுமா மாமா?" என்கிறாள்.

அபராதம், தின்னர், கம்பி பிரஷ், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி, கன்னியம்மாவின் விற்காத ஒரு கூடை மத்தி மீன்: ஆக மொத்தம் ஏழாயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய்.