ஒன்பது நிமிடச் சிவப்பு

மனித குலத்துக்கு நெருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனைவிட, ஒன்றோடொன்றை ஒப்பிடக் கற்றுக்கொடுத்தவனே பெரிய மகான். நெருப்பு அடுப்பைத்தான் எரிக்கும். ஒப்பீடு வயிற்றையே எரிக்கும். அந்த மகானின் பரம்பரையில் வந்த ஒருவர் ஒரு லிஃப்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், குறைதீர்ப்புப் பிரிவில், பன்னிரண்டு வருடம் சேவை செய்தார். அலுவலகமே அவரை 'ஒப்பீட்டுத் திலகம்' என்று அழைத்தது. நாமும் மரியாதை கருதி 'திலகம்' என்றே அழைப்போம்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவருடைய வேலை. "தாங்கள் மாட்டிக்கொண்டதற்கு வருந்துகிறோம். தங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம்." இந்த இரண்டு வரியை அவர் பதினோராயிரம் முறை எழுதியிருக்கிறார். அந்தக் கம்பெனி நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி மூன்று வருடமாயிற்று. எல்லாரும் படியேறித்தான் லிஃப்ட் விற்றார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் திலகம் வாயைத் திறந்தால் "எங்க ஊர்ல..." என்றுதான் தொடங்கும்.

"சார், உங்க ஊர்க் கிணத்துத் தண்ணி இனிக்குமாமே?" என்று கேட்பார் காசாளர் அம்மாள்.

"இனிக்குமாவா? ரெண்டாவது டம்ளர் குடிக்க டாக்டர் சீட்டு வேணும்மா."

"கோழியெல்லாம் வீட்டுக்குள்ளேயே திரியுமோ?"

"கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரும். அங்க கோழிக்கே அவ்வளவு பண்பாடு."

இப்படிப்பட்ட சொர்க்கத்துக்குத் திலகம் வருடத்துக்கு ஒருமுறை போவார். மறுநாளே திரும்பிவிடுவார். கொசு கடிக்கிறது, பொழுது போகவில்லை என்பதெல்லாம் சாமானியர்கள் சொல்லும் காரணம். திலகம் அப்படிச் சொல்லமாட்டார். அங்கே போனதும் அவர் வாய் வேறு பல்லவியைப் பிடிக்கும். "எங்க சிட்டில..."

அவருடைய அண்ணன்தான் அந்த ஊர்மன்றத்தின் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். தம்பி கிளம்பும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இங்கேயே வந்துடேன்டா. உன் ரூம் அப்படியே இருக்கு."

"எப்படிண்ணா வர்றது? இங்க ஒரு சிக்னல் உண்டா? சிட்டில சிவப்பு விழுந்தா ஒன்பது நிமிஷம் நிப்போம். ஒரு ஈ காக்கா அசையாது. அதுக்குப் பேரு ஒழுக்கம். லிஃப்ட் உண்டா? கார் நிறுத்தக் கோடு போட்ட இடம் உண்டா? இங்க தெருவுல இறங்கினா 'எங்க போற, எப்ப வருவ'ன்னு எத்தனை கேள்வி! அங்க பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியே எனக்குத் தெரியாது. என் ரூம் ஜன்னலைத் திறந்தா நேரா சுவரு. ஒரு பொட்டுத் தூசி வராது."

அண்ணன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். எதற்கு என்று தம்பி கேட்டதில்லை. தலைவர்கள் எதையாவது குறித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பிறகு இரண்டு வருடம் திலகம் அந்தப் பக்கமே போகவில்லை.

வினை பொது மேலாளர் ரூபத்தில் வந்தது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக, போனஸ் தருவதைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் ஆராய்ந்தவர் அவர். ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. 'இயற்கையோடு இணைவோம்: மூன்று நாள் அமைதிப் பயிற்சி முகாம். இடம்: நம் திலகத்தின் சொந்த ஊர்.'

திலகம் பொது மேலாளர் அறைக்கு ஓடினார். "சார், இப்ப அங்க மழை..."

"மழையைப் பார்ப்போம்!"

"சேறு இருக்கும் சார்."

"சேத்தைத்தானேய்யா தேடிப் போறோம்! முகாம் நல்லா முடிஞ்சா மேலாளர் பதவி உங்களுக்குத்தான். வாயை மூடிட்டு ஏற்பாட்டைப் பாருங்க."

பன்னிரண்டு வருடம் அதே நாற்காலியில் தேய்ந்தவருக்கு அந்தச் சொல் தேனாக இறங்கியது. அண்ணனுக்குப் போன் செய்து, ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

"வரட்டும்டா" என்றார் அண்ணன். "உனக்குத் தலைகுனிவு வராம நான் பாத்துக்கறேன்." அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் திலகத்துக்கு என்னவோ போல் இருந்தது.

முகாம் பேருந்து காலை பதினோரு மணிக்கு ஊர் எல்லையைத் தொட்டு நின்றது. நடு ரோட்டில் ஒரு சிக்னல் கம்பம். அதில் சிவப்பு எரிந்தது.

வலப்பக்கம் பார்த்தால் வயல், இடப்பக்கம் பார்த்தாலும் வயல்தான். குறுக்கே வர ஒரு சைக்கிள்கூட இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டுக்காரர் முப்பது ஆடுகளோடு வரிசையாக நின்றிருந்தார். ஆடுகள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது நிமிடம் கழித்துப் பச்சை விழுந்தது. ஆடுகள் வெள்ளைக்கோட்டின் மேல் நடந்து ரோட்டைக் கடந்தன.

"என்னய்யா இது?" என்றார் பொது மேலாளர்.

"ஒழுக்கம் சார்" என்றார் திலகம். 

தெருவில் இறங்கியபோது ஒரு மனிதர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சின்ன வயதில் திலகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த தையல்காரர் எதிரே வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஊர்மன்றச் சுவரில் தீர்மானம் எண் பதினேழு எழுதியிருந்தது: 'யாரும் யாரையும் எங்கே போகிறாய், சாப்பிட்டாயா என்று விசாரிக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

"அந்த இனிக்கிற கிணறு எங்க சார்?" என்று காசாளர் அம்மாள் கேட்டார். கையில் காலி பாட்டில் வைத்திருந்தார்.

கிணறு இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் பளபளத்தது. அதில் மஞ்சள் கோடுகள். 'கார் நிறுத்துமிடம்.' உள்ளே ஒரு டிராக்டரும் ஏழு சைக்கிள்களும் நேர்த்தியாக நின்றன.

அண்ணன் வேகமாக வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. தம்பியைத் தொட வந்த கையை இழுத்துக்கொண்டு, பொது மேலாளரை நேராக ஊர்மன்றக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார். ஒரே ஒரு மாடி உள்ள கட்டடம். அதற்கு ஒரு லிஃப்ட். கிணற்றை மூடியதில் கயிறும் உருளையும் மிச்சமாயின அல்லவா? அவற்றை மொட்டைமாடியில் பொருத்தி, ஒரு மரப்பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் மேலே மணி அடிக்கும். இரண்டு பேர் இழுப்பார்கள்.

தொழில் ஆர்வம் யாரை விட்டது? பொது மேலாளர் ஏறினார். பெட்டி பாதி வழியில் நின்றது.

"ஒரு மணி ஆயிடுச்சு" என்று பெருமையாக விளக்கினார் அண்ணன். "மதிய இடைவேளை. கயித்தைக் கம்பத்துல கட்டிட்டு சாப்பிடப் போயிட்டாங்க. ஒரு மணி அடிச்சா சிட்டில கைவேலையை அப்படியே போட்டுட்டுப் போயிடுவாங்கன்னு தம்பி சொல்லியிருக்கான்."

"யோவ் திலகம்!" என்று அந்தரத்திலிருந்து குரல் வந்தது.

"தாங்கள் மாட்டிக்கொண்டதற்கு வருந்துகிறோம்" என்றார் திலகம், பழக்கதோஷத்தில். "தங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம்."

காசாளர் அம்மாளுக்குத் தாகம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு இரண்டு அங்குலம் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் அண்ணியின் ஒரு கண் தெரிந்தது.

"யாரு? முன்கூட்டியே சொல்லிட்டு வந்தீங்களா?" என்று ஒப்பித்தார் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெயில்ல வந்திருக்கீங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கணும்னு வாய் துடிக்குது. கேக்கக்கூடாதாம்" என்றார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"ஒரு வருஷமா லாரித் தண்ணிதாங்க. உங்களுக்கென்ன, சிட்டில குழாயைத் திறந்தா அருவியாமே?"

"யாரு சொன்னா? ரெண்டு நாளைக்கு ஒருதரம் வரும். அதுலயும் முதல் அரை மணி வெறும் காத்து."

"சிக்னல்ல சந்தோஷமா நிப்பீங்களாமே?"

"திட்டிக்கிட்டே நிப்போம்."

"பக்கத்து வீட்டுக்காரங்க தொந்தரவே இருக்காதாமே?"

காசாளர் அம்மாள் காலி பாட்டிலின் மூடியைத் திருகினார். "போன வருஷம் காய்ச்சல்ல நாலு நாள் எந்திரிக்க முடியாமக் கிடந்தேங்க. தனியா இருக்கேன். ஒருத்தர் கதவைத் தட்டல."

சங்கிலி விழுந்தது. அண்ணி அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து, "மொதல்ல சாப்பிடுங்க" என்றார். தீர்மானம் எண் பதினேழு அந்த நிமிடமே செத்தது. பிறகு அவர் வாசலுக்கு வந்து திலகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த ஊரு உங்களுக்கு ஆகாது. அந்த ஊரும் இப்படி இருக்கு. அப்ப இத்தனை வருஷமா நீங்க எந்த ஊர்லதான் நல்லா இருந்தீங்க?"

பதினோராயிரம் கடிதம் எழுதிய திலகம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அதை விடு" என்று அண்ணன் தன் மனைவியிடம் சொன்னார். தம்பியை அவருடைய பழைய அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலைத் திறந்தார். ஒரு முழத் தூரத்தில் புதுச் செங்கல் சுவர் எழுந்து நின்றது.

"ஜன்னலைத் திறந்தா சுவரு தெரியணும்னு சொன்னியே. நானே நின்னு கட்டினேன். நோட்டுல இருந்த எல்லாத்தையும் அடிச்சாச்சுடா. நீ கேட்டது ஒண்ணு பாக்கியில்ல. இப்பவாவது வந்துடுவியா?"

அண்ணனின் கண்கள் கலங்கியிருந்தன. அந்த இருட்டறையில் நின்று திலகம் தன் வாழ்நாளின் முழு ஒப்பீட்டுத் திறமையையும் திரட்டி, எது குறை என்று தேடினார். கிடைத்துவிட்டது.

"ஊர்னா ஒரு கிணறு வேணாமாண்ணா? கிணறு இல்லாத ஊர்ல எப்படி இருக்கிறது?"

அண்ணன் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, 'கிணறு' என்று எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பொது மேலாளர் தரையிறங்கினார். தலையில் ஒட்டடை, முகத்தில் ஞானம். "ஆடே சிக்னலுக்கு நிக்கிற ஊருய்யா! இங்க லிஃப்ட் விக்கலைன்னா வேற எங்க விக்கிறது? இங்க ஒரு கிளை திறக்கிறோம். திலகம், நீங்கதான் மேலாளர். சொந்த ஊரு, சொந்த வீடு! இன்னைக்கே பொறுப்பை ஏத்துக்குங்க."

ஊழியர்கள் கைதட்டினார்கள். அண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அறைச் சாவியை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினார்.

"துணிமணியை எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திலகமும் ஓடினார். நகரத்துக்குப் போகும் இரண்டரை மணி பஸ் சிக்னலுக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் வெள்ளைக்கோட்டை நெருங்கவும் சிவப்பு விழவும் சரியாக இருந்தது.

சிக்னல் நட்ட நாளிலிருந்து அந்த ஊரில் ஒரு ஆடுகூட அதை மீறியதில்லை. திலகம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

பின்னாலேயே ஓடி வந்த அண்ணன் வெள்ளைக்கோட்டில் கால்விரல் படாமல் நின்றுவிட்டார். கையில் சாவி. ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டியும் இல்லை.

"டேய், சிவப்புடா!" என்று கத்தினார். "பாத்துப் போடா, அடிபட்டுடப் போற!"

பஸ் கிளம்பிப் போய்விட்டது. அண்ணன் மட்டும் அங்கேயே நின்றார். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. சிட்டியில் யாரும் சிவப்பில் கடக்கமாட்டார்கள் என்று அவருக்குச் சொன்னது அவருடைய தம்பிதான்.